இருபத்தைந்து கிரெய்ன்

பையைக் காலுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, இடம் இருக்கிறது. ஜன்னல் ஓரத்தை மட்டும் கேட்காதீர்கள். காற்று முகத்தில் படாவிட்டால் எனக்கு வயிற்றைப் புரட்டிவிடும். திருச்சிக்குத்தானே? நாங்களும் திருச்சிக்குத்தான். நாங்கள் என்றால் நானும் எங்கள் வீட்டுக்காரரும். அதோ, கடைசிக்கு முந்தின சீட்டில் நீளப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். பேர் சீனிராஜ். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். ரேஷன் கடையில் சொல்லாமல் முடிகிறதா?

பெட்டியை மேலே போடச் சொன்னார் கண்டக்டர். இவர் முடியாது என்றார். உள்ளே என்ன, கண்ணாடியா என்று கேட்டார். வில்லு என்றார் இவர். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நிஜ வில்தான். ஆனால் படத்தில் பார்க்கிற மாதிரி நின்ற வில் இல்லை. துப்பாக்கிக் கட்டையின் மேல் வில்லைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். குறுக்கு வில் என்று பேர். முன்னால் ஒரு வளையம், அதில் காலை வைத்து மிதித்துக்கொண்டு நாணை இழுத்து மாட்டவேண்டும். பிறகு தோளில் வைத்து, கண்ணைச் சுருக்கி, விசையை இழுத்தால் அம்பு போகும். ஐம்பது மீட்டர் தள்ளி வட்டம் வட்டமாகப் போட்ட அட்டையில் போய்க் குத்தும். நடுவில் குத்தினால் பத்து. வெளியே வர வர ஒன்பது, எட்டு, ஏழு. ஐம்பத்து நாலு வயதில் இது தேவையா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

நாளைக்குக் காலையில் திருச்சியில் போட்டி. முதல் நாலு பேரில் வந்தால் மாநில அணியில் பேர் வரும். வராவிட்டால் வில்லைக் கொடுத்துவிடவேண்டும். அப்படித்தான் பேச்சு. நான்தான் அவரிடம் வாக்கு வாங்கினேன். அதைச் சொல்கிறேன், இருங்கள். வீட்டில் கேஸ் அடுப்பை மூடினேனா என்று ஒரு நினைப்பு. மூடினேன். மூடித்தான் இருப்பேன்.

அவர் முப்பது வருஷம் மில்லில் லேத் பட்டறையில் இருந்தவர். இரும்பில் ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தாலும் விரலால் தடவிச் சொல்லிவிடுவார். மில்லை மூடினார்கள். அன்றிலிருந்து ஒரு வருஷம் மனுஷன் பேசவில்லை. கோபம் எல்லாம் இல்லை. சாப்பிட வாங்க என்றால் வருவார். உப்பு கூடிப்போச்சா என்றால் தலையை ஆட்டுவார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா, அதை நான்தான் கண்டுபிடிக்கவேண்டும். சுவரோடு குடும்பம் நடத்துகிற மாதிரி. சரி, அந்தக் கதை எதற்கு.

மதுரையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இந்த வில்வித்தை சொல்லிக்கொடுக்கிறார். விசை கெட்டுப்போன பழைய வில் ஒன்றைச் சரிபண்ணித் தரச்சொல்லிக் கொண்டுவந்தார். இவர் சரிபண்ணினார். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு அம்பு விட்டார். அவ்வளவுதான். மதுரைக்காரர் வில்லை விட்டுவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று தோன்றினால் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிப் போனார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் இவர் வாயைத் திறந்து, "ரசத்துல உப்பு இல்ல" என்றார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. எனக்கு வில்லைக் கண்டாலே பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் பிடிக்கவில்லை என்றால் பயம். நாண் அறுந்தால்? அம்பு பொட்டலில் மேய்கிற ஆட்டைக் குத்திவிட்டால்? இவருக்கு பிரஷர் வேறு. நான் பயந்த மாதிரியே பங்குனியில் ஒருநாள் கட்டைவிரலை மேலே வைத்துக்கொண்டு விசையை இழுத்துவிட்டார். நாண் நகத்தோடு கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்காரவைத்துச் சொன்னேன். ஆவணி முடிவதற்குள் மாநில அணியில் பேர் வரவேண்டும், வராவிட்டால் அது மதுரைக்கே போய்விடவேண்டும். சரி என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். கட்டுப்போட்ட கையால் அடித்ததால் அவருக்குத்தான் வலித்தது.

அதற்கப்புறம்தான் இந்த எடைப் பைத்தியம் பிடித்தது.

அம்பு என்றால் குச்சி, வாலில் மூன்று இறகு, தலையில் ஒரு இரும்பு முனை. முனை திருகாணி மாதிரி. திருகிக் கழற்றலாம், வேறு மாட்டலாம். இந்த எடையை கிராமில் சொல்லமாட்டார்கள். கிரெய்ன் என்று ஒரு கணக்கு. ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெய்ன் வரும். வில்லோடு இரண்டு தினுசு முனை வந்தது, நூறு கிரெய்ன் ஒன்று, நூற்று இருபத்தைந்து ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நான் கடலைமிட்டாய் பாக்கெட் போடுகிறவள், எனக்குத் தெரியும். மூன்று கடலைப்பருப்பு. அவ்வளவுதான்.

இவர் நூறுதான் என்று பிடிவாதம். எடை குறைந்தால் வேகம், வேகமாகப் போனால் நேராகப் போகும் என்று சொல்வார். நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கிவந்து ஆறு அம்பையும் நிறுப்பார். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிடுவார். காற்றில் தராசு ஆடுகிறதாம். கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்து, இங்கே நின்று மூச்சு விடாதே. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என்னை ஒருநாள் இப்படி உற்றுப் பார்த்ததில்லை, அம்பின் வாலில் ஒட்டியிருந்த பசையை உற்றுப் பார்த்துச் சுரண்டினார். கடைசியில் ஆறும் ஒரே எடை. ஆனால் விட்டால் ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம், ஒன்று மேலே. முதலில் காற்றைச் சொன்னார். அப்புறம் இறகைச் சொன்னார். ஒருநாள், நான் டீ கொண்டுவந்து நிற்பதால்தான் என்று சொன்னார்.

நான் பார்க்கப் போகமாட்டேன், அதைச் சொல்லவேண்டும். சாயங்காலம் டீ கொண்டுபோவேன், கண்ணில் படும். டம்ளரைத் திருப்பி வாங்கவேண்டுமே, அதற்காகக் கொஞ்ச நேரம் நிற்பேன். ஒரு மணி நேரம் ஆகும். அப்போது கவனித்தேன். அம்பு போகும்போது வாலை ஆட்டிக்கொண்டு போகிறது. நாய்க்குட்டி மாதிரி.

நான் ஐந்தாவதோடு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள். அங்கே பிள்ளைகள் எல்லாம் குச்சியை எறிந்து விளையாடுவோம், முன்னால் உட்கார்ந்திருக்கிறவளின் சடையைக் குறிபார்த்து. மருந்து முக்காத வெறுங்குச்சியை எறிந்தால் நடுவிலேயே புரண்டு எங்கேயோ விழும். மருந்து முக்கிய குச்சி தலைக்கனத்தோடு நேராகப் போய்ச் சடையில் குத்தி நிற்கும். கணக்குப்பிள்ளை பார்த்தால் அடிதான். ஆனால் எந்தக் குச்சி நேராகப் போகும் என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை சொல்லும்.

அதை இவரிடம் சொன்னேன். முனை கனமாக இருந்தால் வால் ஆடாதே, அந்த நூற்று இருபத்தைந்தை மாட்டிப்பாருங்களேன் என்றேன். மதுரைக்காரரும் பக்கத்தில் நின்றார். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"செல்லத்தா, இது தீப்பெட்டி இல்ல. நீ டம்ளரை எடுத்துட்டுப் போ."

மதுரைக்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றோடு அந்த வில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு பண்ணினேன். எனக்கு எதுக்குங்க வம்பு.

ஆனியில் ஜில்லாப் போட்டி வந்தது. தூத்துக்குடியில், ஞாயிற்றுக்கிழமை. அதில் நாலு பேரை எடுத்துத்தான் திருச்சிக்கு அனுப்புவார்கள். சனிக்கிழமை மத்தியானம் இவர் முடிவெட்டப் போனார். போட்டிக்கு முந்தின நாள் முடிவெட்டுவார், பெண் பார்க்கப் போகிற மாதிரி. நான் வீட்டைப் பெருக்கினேன். அம்புப் பெட்டி திறந்து கிடந்தது. நூற்று இருபத்தைந்து கிரெய்ன் முனைகள் தைல டப்பாவில் கிடந்தன. நான் என்ன, வேண்டும் என்றா செய்தேன்? தூசி தட்டினேன். தட்டும்போது ஒரு முனை கொஞ்சம் லூசாக இருந்தது. முடுக்கலாம் என்று கை வைத்தால் அது கழன்றுவிட்டது. கழன்றதுதான் கழன்றது என்று மற்ற ஐந்தையும் கழற்றினேன். எல்லாவற்றிலும் நூற்று இருபத்தைந்தை மாட்டினேன். நூறை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

முனையில் எடை பொறித்திருக்கும், கடுகு அளவு எழுத்து. ஆனால் அவருக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி இல்லாமல் படிக்கமுடியாது. மறுநாள் காலையில் கண்ணாடியை எடுத்துப் பையில் வைக்க எனக்கு மறந்துபோய்விட்டது.

ஒன்று எனக்குத் தெரியாது. சாமி சத்தியமாகத் தெரியாது. முனை கனத்தால் அம்பு கொஞ்சம் தாழ்ந்து போகுமாம். அதற்குத் தகுந்தபடி வில்லின் மேலே இருக்கிற குறிபார்க்கும் சைட்டைத் திருகி மாற்றவேண்டுமாம். போட்டிக்கு முன்னால் மூன்று அம்பு விட்டுப் பார்க்கக் கொடுப்பார்கள், அதில் தெரிந்திருக்கும். நாங்கள் போய்ச்சேரும்போது அது முடிந்துவிட்டது. தாமதத்துக்கு நான் காரணம் இல்லை. தயிர்சாதத்துக்கு மாதுளை உரித்தேன், ஒரு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் நான் என்ன செய்யமுடியும்?

முதல் மூன்று அம்பு விட்டார். எல்லாரும் அட்டைக்கு நடந்து போனார்கள். மைக்கில் சொன்னார்கள், ஏழு, ஏழு, ஏழு. மற்றவர்கள் ஒன்பது, பத்து என்று போகிறார்கள். நான்தான் கெடுத்துவிட்டேன். ஆவணி வரைக்கும்கூட இல்லை, இன்றைக்கே வில் போய்விடும், மறுபடியும் அந்தத் தலையாட்டலோடு நான் குடும்பம் நடத்தவேண்டும். அதாவது, நல்லதுதான், போகட்டும் என்றும் நினைத்தேன். எனக்குப் பயம்தானே. ஆனால் அழுகை வந்தது. வெயிலாக இருக்கும்.

அட்டைக்குப் பக்கத்தில் ஒரே கூட்டம். நடுவர்கூடக் குனிந்து பார்க்கிறார். மூன்று அம்பும் நடுவிலிருந்து நாலு விரல்கடை கீழே. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில், ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்கிறது. ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மறைத்துவிடலாம். இவர் வாழ்க்கையில் அப்படி விட்டதில்லை.

இவர் ஓர் அம்பைப் பிடுங்கினார். முனையைத் திருகிக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, இப்படி, இப்படி, இரண்டு தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தார். மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது. அப்புறம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் கேட்கிறாரோ என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். முனையை மறுபடியும் மாட்டிக்கொண்டு வந்து, சைட்டைத் திருகினார். அடுத்த மூன்று, பத்து, ஒன்பது, பத்து. அப்படியே போனது. முதல் ஏழுகளால் பின்னால் நின்றவர், ஒவ்வொருவராக முந்தி, கடைசியில் நாலாவது ஆள்.

இன்றுவரைக்கும் அவருக்குத் தெரியாது. மூன்று மாசம் ஆகப்போகிறது. மூச்சு விடவில்லையே நான்.

ஆனால் வயிறு எரிகிறது தங்கச்சி. ஊருக்கு வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் பாடம் எடுக்கிறார். முனையில் கனம் இருக்கவேண்டும், அப்போதுதான் வால் ஆடாது, வேகம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், ஒரு பெரிய கை சொல்லிக்கொடுத்தது என்கிறாராம். பெரிய கையாம். மதுரைக்காரரைச் சொல்கிறார். மதுரைக்காரர் அன்றைக்கு என் எதிரில் வாயை மூடிக்கொண்டு நின்றவர். தீப்பெட்டி ஆபீஸ்காரி சொன்னால் வித்தை இல்லை, மதுரையிலிருந்து சொன்னால் வித்தை.

அவர் இப்போதெல்லாம் கவனக்குறைவு வேறு. முன்பெல்லாம் அம்புப் பெட்டியைத் தொடவிடமாட்டார். இப்போது இரண்டு அம்பைக் கொண்டுவந்து சமையல்கட்டில், பருப்பு டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பக்கத்தில் நாலு முனை. "ஒண்ணும் பிடிபடல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அரைமணி நேரம் குளிப்பார். முன்பு ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிற மனுஷன். நான் சும்மா இருக்கமுடியுமா? கையில் தூக்கிப் பார்த்து, சரியாகப் பட்டதை மாட்டிவைப்பேன். வந்து எடுத்துக்கொண்டு போய்க் குறிபார்த்து விடுவார். நல்லாப் போகுதே என்று அவரே ஆச்சரியப்படுவார். இரும்பைத் தடவி மயிரிழை வித்தியாசம் சொல்கிறவருக்கு, காலையில் வைத்த முனை சாயங்காலம் மாறியிருப்பது தெரியவில்லை. வயசாகிவிட்டது, வேறென்ன.

இப்போது இன்னொரு தொந்தரவு. போன வாரம் நூற்று ஐம்பது கிரெய்னில் ஒரு தினுசு முனை வரவழைத்தார். இன்று காலையில் கிளம்பும்போது மூன்று தினுசையும் ஒரு சுருக்குப்பையில் போட்டு என்னிடம் கொடுத்து, "என் பையில இடமில்ல, உன் கைப்பையில வச்சுக்க" என்றார். அவர் பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு. இதோ பாருங்கள், இதுதான். தூக்கிப் பாருங்கள். எந்த மனுஷனாவது நாளைக்கு இவ்வளவு பெரிய போட்டியை வைத்துக்கொண்டு இதை என்னை மாதிரி ஒருத்தியிடம் கொடுப்பானா? அம்புகளில் முனையே இல்லை, வெறுமனே கிடக்கிறது. மாட்ட மறந்துவிட்டார்.

அதுதான் எனக்குக் காலையிலிருந்து கவலை. லாட்ஜில் அவர் குளிக்கும்போது மாட்டிவிடலாம். ஆனால் எதை? நூற்று ஐம்பது இன்னும் தாழும். ஆனால் காற்று அடித்தால் கனமான அம்பை அவ்வளவு சுலபமாகத் தள்ளமுடியாது. காற்று இல்லாவிட்டால் நூற்று இருபத்தைந்தே போதும். நான் தப்பாக மாட்டினால் நாளைக்கு அவர் பேர் வராது. வில் போய்விடும். மறுபடியும்...

ஏன் சிரிக்கிறீர்கள்?

இல்லை, சிரித்தீர்கள். நான் பார்த்தேன். நான் என்ன சிரிப்பாகவா சொன்னேன்? தெரியுமா? யாருக்கு, அவருக்கா? அதெல்லாம் தெரிந்திருக்காது தங்கச்சி. தெரிந்திருந்தால் கத்தியிருப்பார். கத்தாமல் ஏன் அரைமணி நேரம் குளிக்கவேண்டும்? தெரிந்தவராக இருந்தால் முனையைக் கொண்டுவந்து என் பருப்பு டப்பா பக்கத்தில்...

இருங்கள். மதுரை மாட்டுத்தாவணி வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்கும் என்றார் கண்டக்டர். நீங்கள் இறங்கித் தண்ணீர் பிடிக்கவேண்டும் என்றீர்களே, போய்விட்டு வாருங்கள். நான் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

*

வாருங்கள் தங்கச்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பையைப் பத்திரமாக அவர் இருந்த சீட்டில் வைத்திருக்கிறேன். அங்கேயும் ஜன்னல் ஓரம்தான். இவர்தான் நான் சொன்ன...ஆமாம், இங்கே உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் இறங்கிப் போனதும் ஜன்னலுக்கு வெளியே டீயோடு வந்து நின்றார். டீயை என் கையில் கொடுத்தார். எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது இதுதான் முதல் தடவை. சீனி போதாது, அது வேறு விஷயம். திருச்சியில் போட்டி நடத்துகிறவர் போன் பண்ணினாராம். மைதானம் திறந்தவெளியாம், காற்று குறுக்கே அடிக்கிறதாம். அப்படியா என்றேன். டீயை ஊதிக்கொண்டிருந்தேன். அவர் எதிர்ப்பக்கம் நிற்கிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எதை மாட்டலாம்னு இருக்கே?"

எனக்கு டீ புடவையில் கொட்டிவிட்டது. பாருங்கள், கறை. எத்தனை நாளாய்த் தெரியும் என்று கேட்டேன். தூத்துக்குடியிலேயே, கையில் தூக்கியதுமே என்கிறார். டப்பாவைத் திறந்து பார்த்தீர்களா என்றால், எதுக்குத் திறக்கணும் என்கிறார். அப்போது மூன்று மாசமாக என்னைத் திருடி மாதிரி அலையவிட்டு, அரைமணி நேரம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு உள்ளே நின்றிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றேன். "அன்னிக்கி மதுரைக்காரர் முன்னாடி அப்படிச் சொல்லிட்டேன். அப்புறம் எந்த வாயால கேக்க?" என்றார். டீக்கடையில் கேட்டால் பெரிய கை என்று சொல்ல மட்டும் வாய் இருந்தது.

நன்றாகத் திட்டினேன். பஸ் ஸ்டாண்டே பார்த்தது. பிறகு நூற்று ஐம்பது என்று சொன்னேன். ஆறையும் இப்போதே மாட்டவேண்டும், ஓடுகிற பஸ்ஸில் தராசு நிற்காது, கையால்தான் பார்க்கவேண்டும், அதற்கு அவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கவேண்டும். அதனால்தான் உங்களைச் சிரமப்படுத்துகிறேன். சைட்டை எத்தனை திருகு என்பது நாளைக்கு மூன்று அம்பு விட்டுப் பார்த்தால் தெரியும். நாளைக்குத் தயிர்சாதம் கட்டப்போவதில்லை, நேரத்துக்குப் போய்விடுவோம்.

இன்னும் ஒன்று கேட்டார். பேர் வராவிட்டால் என்ன செய்ய, திரும்பும்போது இந்த மாட்டுத்தாவணியிலேயே இறங்கி வில்லைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டுமே என்றார். ஆவணி முடிய இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது என்றார். சத்தியம் என் தலையில் பண்ணினது, எனக்குத் தெரியாதா?

"திரும்புறப்ப மதுரையில நான் தூங்கிட்டு இருப்பேன். எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.